வேலிக்கு அந்தப் பக்கத்துப் புகை

ஜனவரி 4, புதன்

முப்பத்தொரு வருடமாக அடுத்தவர் வரவு செலவை எழுதியாயிற்று. எனக்கென்று எழுத இன்றுதான் ஒரு டைரி கிடைத்தது, அதுவும் ஓசியில். கடன் தரப்போகிற நிறுவனம் அனுப்பியது. பக்கத்துக்குப் பக்கம் கீழே ஒரு பச்சை இலை. டைரியானாலும் தொழில் விதியை நான் விடப்போவதில்லை. ரப்பர் கிடையாது, வெள்ளை மை கிடையாது, தாளைக் கிழிப்பது கிடையாது. பிழை என்றால் மேலே ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து. அடித்தது என்னவென்று படிக்கத் தெரிய வேண்டும்.

நோய்க் காலத்தில் மூடிக் கிடந்த எங்கள் சாயப்பட்டறை இன்னும் எழுந்து நிற்கவில்லை. இருநூற்று நாற்பது பேர் இருந்த இடத்தில் நூற்றிப்பத்துப் பேர். இந்த நேரத்தில் 'பசுமை மீட்சிக் கடன்' என்று ஒன்று வந்திருக்கிறது. பதினான்கு கோடி, நாலு சதவீத வட்டி. புகையைக் குறைத்துக்கொண்டு எழுகிற ஆலைக்கு மட்டும்தான். ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்ற நாங்கள் மூன்றேகால் கிலோ புகை விடுகிறோம். அது இரண்டுக்குள் வர வேண்டும், ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து.

முதலாளி தரணிதரனுக்கு முப்பத்தொரு வயது. வெளிநாட்டில் படித்தவர். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மணிண்ணா, புது பாய்லர் வாங்கத்தான் கடனே கேக்கறோம். புகை கொறஞ்சாத்தான் கடன் குடுப்பேங்கறானுங்க. இது என்னுங்ண்ணா நாயம்?"

"படிவத்த எங்கிட்டக் குடுங்க தம்பி," என்றேன்.

ஜனவரி 9, திங்கள்

அறுபத்திரண்டு பக்கப் படிவம். இதை எழுதியவன் நிச்சயம் சம்பளத்தைப் பக்கக் கணக்கில் வாங்கியிருப்பான். பதினேழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டான். 'ஆலையின் எல்லைக்குள் எரிக்கப்படும் எரிபொருள்' என்று இருக்கிறது. வெளியாளிடம் விலைக்கு வாங்கும் நீராவிக்குத் தனித்தாள் உண்டு, முதல் இரண்டு வருடம் அதை விருப்பமிருந்தால் நிரப்பலாம். எல்லையை யார் வரைவது? விண்ணப்பதாரர்.

சிவப்புப் பென்சிலைச் சீவினேன். ஆலை வரைபடத்தில் பாய்லர் கொட்டகைக்கும் சாயக் கொட்டகைக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தேன். மூன்றேகால் கிலோ முக்கால் கிலோ ஆனது. ஒரு கரித்துண்டு கூடக் குறையவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பதினான்கு கோடிக்கு உதவுகிறதே.

ஜனவரி 10, செவ்வாய்

முதலாளி வரைபடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கையைப் பிடித்துக் குலுக்கினார். கடன் வந்தால் நான் தலைமை நிதி அதிகாரி, தனி அறை, கார். பாய்லரை மாதம் ஒரு ரூபாய் வாடகைக்கு ஒருவனுக்கு விட வேண்டும். அவன் நீராவி விற்பான், நாங்கள் வாங்குவோம்.

"நம்பிக்கையான ஆளா இருக்கோணும். அதிகமாக் கேள்வி கேக்காத ஆளா," என்றார் முதலாளி.

இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் மனதில் வந்தார். சென்னியப்பன், எங்கள் பாய்லர்காரர். இருபத்தாறு வருடமாக அந்த அடுப்பின் முன்னால் நிற்பவர். என் தங்கை ருக்குமணியின் புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

ஜனவரி 17, செவ்வாய்

பொங்கல் சீர் கொடுக்க ருக்கு வீட்டுக்குப் போனேன். கரும்பு, வெல்லம், இரண்டு புடவை. என் சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மாப்பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார். இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்துதான் எல்லோரையும் மயக்கி வைத்திருக்கிறார். அப்பா சாகிற அன்று தண்ணீர் கேட்டதும் இவரிடம்தான். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க மச்சா, நானு எட்டாவதுங்க. மொதலாளின்னு கையெழுத்துப் போட்டாச் சிரிக்க மாட்டாங்களா?"

"கணக்கெல்லாம் நான் பாத்துக்கறேன் மாப்ள. நீங்க வழக்கம்போல அடுப்பப் பாருங்க. கைக்கு மாசம் நாலாயிரம் சேத்தி வரும்."

ருக்கு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்ணா, இதுல ஒண்ணும் வில்லங்கமில்லீங்களே?"

"உன்ற தாலிய நானே எடுத்துக் குடுத்தவன், வில்லங்கம் பண்ணுவனா அம்முணி?"

"மச்சான் சொன்னாச் செரியாத்தான் இருக்கும்," என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது. ருக்கு வைத்த பருப்புக் குழம்பில் உப்பு தூக்கல்.

பிப்ரவரி 2, வியாழன்

மாப்பிள்ளை கரிக்கையோடு என் மேசைக்கே வந்துவிட்டார். பாய்லருக்குள் முப்பது நாற்பது குழாய் மெலிந்து போயிருக்கிறதாம், கோடைக்குள் மாற்றியாக வேண்டுமாம். எனக்குத் தெரியாதா? இந்த வருடச் செலவுத் திட்டத்தில் 'பாய்லர் குழாய், ஆறரை லட்சம்' என்று போட்டதே நான்தான். ஆனால் பாய்லர் எல்லைக்கு வெளியே போகிறதென்றால் அதன் குழாயும் வெளியே போக வேண்டாமா? திட்டத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். லாபம் ஆறரை லட்சம் கூடியது.

"பாத்துக்கலாம் மாப்ள," என்று அனுப்பினேன். மேசைக் கண்ணாடியில் கைத்தடம். துடைக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 15, புதன்

வேலையில் இருப்பவன் வெளியாளாக முடியாது. ராஜினாமா எழுதி வாங்கினேன். அடிப்படைச் சம்பளம் இருபத்தொன்றாயிரம், இருபத்தாறு வருடம். வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்கிற பணிக்கொடை சூத்திரத்தில் மேலும் இருபத்தாறு, கீழும் இருபத்தாறு, அடிபட்டுப் போய் மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் என்று மீதியில்லாமல் வந்தது. இப்படி ஒரு கணக்கு அமைவது அபூர்வம்.

அதை அவர் கையில் கொடுக்கவில்லை. நீராவி ஒப்பந்தத்துக்கு முன்பணமாக வரவு வைத்துக்கொண்டோம். கையெழுத்துப் போடும்போது அவர் நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொள்கிறார், குழந்தை மாதிரி.

மார்ச் 3, வெள்ளி

வீட்டுக் குழாய் மூன்று நாளாக ஒழுகுகிறது. பிளம்பர் நாளை நாளை என்கிறான்.

ஆலையில் வேலி போட்டாயிற்று. பாய்லர் கொட்டகைக்குப் பின்புற மண் பாதையில் தனி கேட். ஒன்றே ஒன்று பாக்கி: பாய்லர் கொட்டகையிலிருந்து சாயக் கொட்டகைக்குப் போகிற கதவு. 'இரு நிறுவனங்களுக்கிடையே பொதுவழி இருக்கலாகாது' என்று இருபத்து நாலாம் பக்கம் சொல்கிறது. கதவைக் கழற்றிச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன்.

மாப்பிள்ளை கொத்தனார் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். "இந்தக் கதவு ஒண்ணுதாங்க மச்சா கிட்ட இருக்கற வழி. மண் கேட்டுக்குப் போகோணும்னா கரிக் குமியச் சுத்திப் போகோணும்."

"அவசரமா ஓடறதுக்கு நீங்க என்ன பந்தயமா வெச்சிருக்கீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எங்கள் பக்கத்துச் சுவருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தாயிற்று. பார்க்க லட்சணமாக இருக்கிறது.

மார்ச் 20, திங்கள்

சென்னையிலிருந்து கடன் நிறுவனத்தின் ஆய்வாளர் வந்தாள். பெயர் நிவேதிதா. சின்னப் பெண்தான், கண் மட்டும் ஊசி. நேரே வேலிக்குப் போனாள்.

"அந்தப் பக்கம் யாரோடது சார்?"

"வேற நிறுவனம்ங்க மேடம். அவங்ககிட்ட நீராவி வாங்கறோம்."

நான் தடுப்பதற்குள் அவள் வேலிக்கம்பி வழியாகக் கூப்பிட்டுவிட்டாள். "சார், நீங்கதான் ஓனரா?"

மாப்பிள்ளை கரிச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆமாங்க அம்மிணி. நானேதானுங்க." பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே போய் ருக்கு கொடுத்தனுப்பிய கம்மங்கூழை ஒரு டம்ளரில் ஊற்றி, வேலிக்கு மேலே கையை நீட்டிக் கொடுத்தார். அவளும் வாங்கிக் குடித்தாள்.

"ரொம்ப நல்ல மனுஷன். தொழிலாளியா இருந்து முதலாளி ஆனவரா? இதையும் எழுதுங்க சார். புதிய தொழில்முனைவோர்னு ஒரு கட்டம் இருக்கு."

எழுதினேன். புதிய பசுமைத் தொழில்முனைவோர்: 1.

ஏப்ரல் 1, சனி

சென்னியப்பன் நீராவி நிலையம் என்று பலகை மாட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். ருக்கு பட்டுச் சேலையில் வந்து எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். லோடுமேன்கள் அவரை "மொதலாளி, மொதலாளி" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள். அவர் பலகையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் ஒரு தூசியும் இல்லை.

எனக்குப் பொங்கல் ஆகாது. ஒரு வாய் மட்டும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 27, வியாழன்

மறுபடி குழாய். மாப்பிள்ளை இந்த முறை வாசலிலேயே நின்றார்.

"சீத்து சீத்துன்னு சத்தம் வருதுங்க மச்சா. நாலு நாள் நிறுத்திக் குடுத்தீங்கன்னா மாத்திப் போடலாம்."

"பதினொண்ணாம் ஷரத்துப்படி பராமரிப்பு உங்களுதுங்க மாப்ள. நிறுத்துனா மணிக்குப் பன்னெண்டாயிரம் அபராதம், அதும் உங்களுதுதான். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்களே."

"முதலாளி ஆனா தெரிஞ்சுக்கோணும்."

"ஆறரை லட்சத்துக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றார். நான் ஜி.எஸ்.டி. தாக்கலில் இருந்தேன். நிமிர்ந்தபோது ஆள் இல்லை.

கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லிக் கறிசோறு போட வேண்டும்.

மே 9, செவ்வாய்

காலை பதினொன்று இருபதுக்கு பாய்லர் குழாய் வெடித்தது.

மே 10, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். சத்தம் கூடியதும் மாப்பிள்ளை, கரி தள்ளும் ஒடிசாக்காரர்கள் இரண்டு பேரையும் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார். தனியாக நின்று தீயைக் கிளறி அணைத்திருக்கிறார். அப்போது வெடித்தது. கொட்டகை முழுக்க நீராவி. கண் தெரியாது. அவர் மண் கேட்டுப் பக்கம் போகவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம், கால் தானாக அந்தக் கதவுக்கே போயிருக்கிறது.

சாயக் கொட்டகையில் இருந்தவர்களுக்குச் சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டதாம். கடப்பாரை தேடியிருக்கிறார்கள். எங்கள் தீயணைப்புக் குழாய் வேலிக்கு இந்தப் பக்கம்தான் எட்டும். ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றி மண் பாதையில் வர இருபது நிமிடம் ஆயிற்று.

நான் மாடியிலிருந்து இறங்கவில்லை. கீழே போய் நான் என்ன செய்ய முடியும்?

மே 13, சனி

கோவை ஆஸ்பத்திரி. முதல் நாள் முன்பணம் இரண்டு லட்சம். ஈ.எஸ்.ஐ. கார்டைக் கொடுத்திருக்கிறாள் ருக்கு. அது பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. முதலாளிமாருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. இதை அவளுக்கு விளக்க முயன்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. வளையல்களைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

என் வீட்டுக்காரியும் அங்கேயே தங்கிவிட்டாள். நானே ரசம் வைத்தேன்.

மே 16, செவ்வாய்

விடிகாலையில் போய்விட்டார்.

மே 18, வியாழன்

துக்க வீட்டில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டியது யார், கோடித்துணி போட வேண்டியது யார் என்று முறை கேட்டபோது, பிறந்த வீட்டுக் கோடி நான்தான் போட வேண்டும் என்றார்கள். ருக்குவின் தோளில் போட்டேன். அவள் அப்போதுதான் பேசினாள். அழவில்லை.

"ஏண்ணா, கதவு எங்க போச்சு?"

"அது வந்து அம்முணி, படிவத்துல..."

"கதவு எங்க போச்சுன்னுதாங்க கேட்டேன்."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதிமுறைப்படி அடைக்கப்பட்டது என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

மே 24, புதன்

பாய்லர் இன்ஸ்பெக்டர் காகிதங்களைப் பார்த்தார். வாடகை ஒப்பந்தம் சரி, பலகை சரி, வேலி சரி. விபத்துக்குப் பொறுப்பு பாய்லரை எடுத்து நடத்தியவர். அவர் இல்லாததால் வழக்கு முடிகிறது. முதலாளி என் தோளில் தட்டினார். "உங்க கோடுதாங்ண்ணா நம்மளக் காப்பாத்துச்சு."

ஒப்பந்தப்படி நீராவி நின்ற நாட்களுக்கு அபராதம் போட வேண்டும். பதினைந்து நாளை முழுக்கப் போட்டால் நாற்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம். நான் அத்தனை கல்நெஞ்சன் இல்லை. முன்பணம் மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரத்தோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை வாராக்கடன் என்று தள்ளிவிட்டேன். மாப்பிள்ளை பெயரில் வாங்கிய கரிக்குக் கரிக்கடைக்காரன் பாக்கி மட்டும் ருக்கு பெயருக்குப் போகும். அதை நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

வீட்டுக்கு வந்து பிப்ரவரி 2-ஆம் தேதிக் குறிப்பின் மேல் ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். குழாய் மெலிந்தது எனக்குத் தெரியாது. கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிகிறது. கிழித்துவிடலாம்தான். கை வரவில்லை.

மே 29, திங்கள்

சுவரின் அந்தப் பக்கம், இடுப்புயரத்தில், கைத்தடங்கள். கரிக்கை. துடைக்கச் சொன்னால் கூலியாட்கள் மாட்டேன் என்கிறார்கள். நானே சுண்ணாம்பு வாங்கி இரண்டு தடவை அடித்தேன். வீட்டுக் குழாய் ஒழுகல் நின்றுவிட்டது, பிளம்பர் வந்து போனான்.

ஜூன் 12, திங்கள்

முதல் தவணை ஐந்து கோடி வந்துவிட்டது. நீராவி இல்லாமல் சாயக் கொட்டகை நின்ற நாட்களால் காலாண்டு மொத்தப் புகை இன்னும் குறைந்து காட்டுகிறது. நிறுவனத்திலிருந்து பாராட்டுக் கடிதம். விபத்தைத் தெரிவிக்க வேண்டுமா என்று முதலாளி கேட்டார். எல்லைக்குள் நடந்ததைத்தான் தெரிவிக்க வேண்டும் என்றேன். சேலத்துக்காரன் ஒருவன் வேலிக்கு அந்தப் பக்கம் வேறு பாய்லர் வைக்கிறான். பெயர்ப்பலகையும் மாற்றியாயிற்று.

தனி அறைக்கு மாறினேன். ஜன்னல் வேலிப் பக்கம் திறக்கிறது. வேறு அறை கேட்டிருக்கலாம்.

ஜூன் 26, திங்கள்

வேலி ஓரம் முந்நூறு மரக்கன்று நட்டிருக்கிறோம், கடன் நிபந்தனை. தண்ணீர் ஊற்ற ஆள் எடுத்த வரிசையில் ருக்கு நின்றாள். அவள் மகள் நர்சிங் கடைசி வருடம், கரிக்கடைக்காரன் வாசலில் உட்கார்ந்திருக்கிறானாம். இதை அவள் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி சொன்னாள், அதுவும் போனில், அவள் இன்னும் திரும்பி வரவில்லை.

நான் கீழே இறங்கிப் போனேன். "ருக்கு, உனக்கு எதுக்கு இதெல்லாம்? மாசம் ஒரு தொகை நான் தர்றேன்."

"வேண்டாமுங்க சார்."

"சாரா? அண்ணன்னு கூப்பிட மாட்டியா?"

"எங்க கையெழுத்துப் போடோணுமுங்க சார்?"

மேஸ்திரியிடமிருந்து பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளை முழுக்க, ஒரு வரி விடாமல் படித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அறைக்குப் போய் முகம் கழுவினேன்.

ஜூலை 3, திங்கள்

அரையாண்டு அறிக்கை. கடைசிப் பக்கம் 'மீட்சியில் உருவான பசுமை வாழ்வாதாரங்கள்'. தொழில்முனைவோர் 1 என்று மார்ச்சில் போட்டது நிற்கிறது. அதைக் குறைக்க இடம் தேடினேன். உருவானதை எழுதத்தான் கட்டம் இருக்கிறது, இல்லாமல் போனதை எழுத எந்தப் பக்கத்திலும் கட்டம் இல்லை. பெண்கள், பகுதிநேரம்: 12. அதில் ஆதரவற்றோர், கைம்பெண்கள் என்று ஓர் உட்பிரிவு. அதற்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. 1 என்று போட்டேன்.

நாலு மணிக்கு நிவேதிதா போன் செய்தாள். "அறிக்கை அருமையா இருக்கு சார். ஒரே ஒரு சந்தேகம். அந்த நீராவி ஓனரும் இந்தத் தோட்ட வேலைப் பெண்மணியும் ஒரே அட்ரஸா இருக்கே?"

"ஒரே குடும்பம்ங்க மேடம்."

"அடடே! ஒரு குடும்பத்துக்கே வழி பண்ணியிருக்கீங்க. அன்னைக்குக் கூழ் குடுத்தாரே, அவர் எப்படி இருக்கார் சார்?"

ஜன்னலுக்கு வெளியே ருக்கு குடத்தோடு வந்தாள். மற்ற கன்றுகளுக்கு ஒவ்வொரு சொம்பு ஊற்றியவள், சுவரோரக் கன்றுக்குக் குடத்தையே சாய்த்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பச்சைச் சுவரில் கதவு இருந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினாள். பதில் வரும் என்பதுபோல் நின்றாள்.

"நல்லா இருக்காருங்க மேடம்," என்றேன்.

"நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அந்தத் தொழில்முனைவோர் 1-ன் மேல் கோடு போடலாமா என்று பேனாவை எடுத்தேன். கூட்டிப் பார்த்தேன், மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை. பிழை இருந்தால்தானே கோடு. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.